வனநகரத் தல புராணம்

அவையடக்கம்

ஊருக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு தல புராணம். எந்த முனிவர் வந்து தவம் இருந்தார், எந்த அசுரன் எந்தத் திசையில் விழுந்து மாண்டான், எந்தப் பசு எந்தப் புற்றில் பால் சொரிந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள் நம் முன்னோர். அப்படியிருக்க, 100 பில்லியன் டாலர் ஆகும் என்று சொல்லி மலேசியாவின் ஜொகூர்க் கடலில் எழுப்பிய ஃபாரஸ்ட் சிட்டி என்ற வனநகரத்துக்கு மட்டும் புராணம் இல்லாமல் போனால் மாநிலத்துக்கே இழுக்கு. விற்பனைக் கையேடுகள் உண்டு, வழவழ தாளில், வண்ணப் படங்களோடு. ஆனால் அவற்றில் அசுரன் இல்லை, சாபம் இல்லை, முக்கியமாக அக்கம்பக்கத்தார் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் உலகத்தில் எந்த மாடிக் கட்டடம் எழுந்திருக்கிறது?

அந்தக் குறையைப் போக்க, நைமிசாரண்யத்து முனிவர்கள் கேட்கச் சூதர் சொன்ன பாணியில் இதைத் தருகிறேன். ஆண்டுகளும் தொகைகளும் நடந்தபடியே. முனிவர்களின் கேள்விகளும் சூதரின் பதில்களும் மட்டும் கைச்சரக்கு.

நாட்டுப் படலம்

ஜொகூரின் தென்மேற்கு மூலையில், கேலாங் பாத்தாவைத் தாண்டிப் போனால் தஞ்சோங் குப்பாங். கம்போங் போக், கம்போங் பெண்டாஸ் லாவுட் என்று கரையோரக் கிராமங்கள், உள்ளூர்ப் பேச்சில் கம்பங்கள். கண்டல் காடு, மரத்தூண்களில் நிற்கும் படகுத்துறை, காயும் வலை. இங்கே மலாய் மீனவர்களுக்கு முன்பே கடலில் வாழ்ந்தவர்கள் ஒராங் செலத்தார் என்னும் பூர்வகுடிகள். எதிரே தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரின் துவாஸ்.

கடல் வற்றும்போது இங்கே மெராம்போங் திட்டு தலை தூக்கும். மலேசியாவின் பெரிய கடற்புல் வெளிகளில் அதுவும் ஒன்று. அதில் கடற்குதிரை உண்டு, நண்டு உண்டு, கோங்கோங் என்று உள்ளூரார் சப்புக்கொட்டும் நத்தை உண்டு. கடற்பசுவும் உண்டு. தல புராணம் என்றால் பசு ஒன்று வேண்டும் அல்லவா? நம் பசு தண்ணீருக்குள் மேய்கிறது, அவ்வளவுதான். பாக் நீரிணைக் கரை மீனவர்கள் இதை ஆவுளியா என்பார்கள். அதற்காகத் தமிழக அரசு 2022இல் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்தது. ஜொகூர் ஆவுளியாவுக்கு வேறு விதி எழுதியிருந்தது.

ஃபாரஸ்ட் சிட்டிக்கு முன்பே இந்தக் கடலுக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் வந்தது. தஞ்சோங் பின் மின்நிலையம் வந்தது. வந்தவர் எல்லாம் கரையில் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். மீனவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பேருந்தில் நமக்குப் பழகிய காட்சிதான்.

அண்டை வீட்டுப் படலம்

முனிவர்கள் கேட்டார்கள்: “சூதரே, எதிர்க்கரைச் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் என்ன உறவு?”

சூதர் சொன்னார்: ஒட்டிய உறவு, முனிவர்காள். ஒட்டியதால் வந்த உறவு. 1819இல் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானும் சுல்தான் ஹுசேனும் ராஃபிள்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாள் முதல் இரண்டு வீட்டுக்கும் நடுவே கணக்கு வழக்கு தீர்ந்தபாடில்லை. 1924இல் கடற்பாலம் திறந்தார்கள். 1965இல் பாகப்பிரிவினை ஆயிற்று. அதற்குப் பிறகு தண்ணீர்க் கணக்கு, ரயில் நிலக் கணக்கு, வான்வெளிக் கணக்கு.

பிரிந்தபோது சிங்கப்பூரின் பரப்பு சுமார் 581 சதுர கிலோமீட்டர். இன்று அது 730க்கு மேல். தவத்தால் வளர்ந்தது இல்லை, மணலால் வளர்ந்தது. மலேசிய மணல், இந்தோனேசிய மணல் என்று கப்பல் கப்பலாகக் கொட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் நம் வீட்டு மண்ணை எடுத்தே மனையைப் பெரிதாக்குகிறானே என்று மலேசியாவுக்கு உறைத்து, 1997இல் மணல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

அத்துடன் நிற்கவில்லை. துவாஸிலும் தெக்கோங் தீவிலும் சிங்கப்பூர் கடலைத் தூர்த்தபோது, எங்கள் நீரோட்டம் கெடுகிறது, எங்கள் மீனவர் பிழைப்புப் போகிறது என்று 2003இல் மலேசியா ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் இருக்கும் அனைத்துலகக் கடற்சட்டத் தீர்ப்பாயத்துக்கே போனது. ஜொகூர் நீரிணையில் சேறு கலங்கியதை ஹம்பர்க்கில் உட்கார்ந்து விசாரித்தார்கள். வேலையை அடியோடு நிறுத்து என்று தீர்ப்பாயம் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து நிபுணர்களை வைத்து ஆராயுங்கள், அதுவரை அண்டை வீட்டுக்குத் தீராத கேடு வராமல் வேலை செய்யுங்கள் என்று அந்த ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி உத்தரவிட்டது. 2005 ஏப்ரலில் சமரசம். ஜொகூர் மீனவர்களுக்கு இழப்பீடாகச் சிங்கப்பூர் 374,400 ரிங்கிட் கொடுக்க ஒப்புக்கொண்டது. துவாஸ் பக்கம் அந்தத் தொகைக்கு இன்று ஒரு வீடு கிடைத்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

நடுவில் கடற்பாலத்தின் நம் பாதியை மட்டும் இடித்துவிட்டு வளைந்த பாலம் கட்டும் திட்டமும் ஒன்று இருந்தது. அன்றைய பிரதமர் மகாதீரின் செல்லப்பிள்ளை. பேச்சுவார்த்தை போன போக்கில் மணலும் பேரத்துக்கு வந்தது. ஜொகூர்க்காரர்கள் முகம் சுளித்தார்கள். 2006இல், அடுத்து வந்த அப்துல்லா படாவியின் அரசு அந்தப் பாலத்தைக் காகிதத்திலேயே விட்டுவிட்டது.

“புரிந்தது சூதரே. பக்கத்து வீட்டுக்காரன் கடலில் மண் கொட்டினால் அது அநியாயம். தானே கொட்டினால்?”

“அதற்குப் பெயர் மேம்பாடு, முனிவர்காள்.”

மேம்பாட்டாளர் திருவருகைப் படலம்

சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் யாங் குவோசியாங் என்று ஒருவர். ஏழை விவசாயக் குடும்பம். கட்டுமான வேலைக்குப் போய், படிப்படியாக ஏறி, கன்ட்ரி கார்டன் என்ற வீடமைப்பு நிறுவனத்தை வளர்த்தார். பங்குகளை மகள் யாங் ஹுயியான் பெயருக்கு மாற்றிக் கொடுக்க, அந்த அம்மையார் ஒரு காலத்தில் ஆசியாவின் பெரும் பணக்காரப் பெண்மணி ஆனார். இதுவரை நல்ல புராணம்.

ஜொகூர் பாருவின் டங்கா பே கடலோரத்தில் இந்த நிறுவனம் முதலில் கால் வைத்தது. 2013இல் அங்கே ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளை விற்பனைக்கு இறக்கியது. ஜொகூர் மேம்பாட்டாளர்கள் அதுவரை வீட்டை நூற்றுக்கணக்கில் எண்ணிப் பழகியவர்கள். ஆயிரக்கணக்கில் எண்ணுகிறவரைப் பார்த்ததும் அவர்களுக்குத் தலை சுற்றியது. கன்ட்ரி கார்டனுக்கோ டங்கா பே பசியைக் கிளப்பிவிட்ட முறுக்குத் துண்டு. முழுச் சாப்பாட்டுக்கு நிலம் போதவில்லை. நிலம் இல்லை என்றால் என்ன, கடல் இருக்கிறதே!

கன்ட்ரி கார்டன் பசிபிக்வியூ என்ற கூட்டு நிறுவனம் பிறந்தது. கன்ட்ரி கார்டனுக்கு 60 விழுக்காடு, எஸ்பிளனேட் டங்கா 88 என்ற உள்ளூர்க் கூட்டாளிக்கு 40 விழுக்காடு. அந்த உள்ளூர் நிறுவனத்தில் மாநில அரசின் நிறுவனத்துக்கும் ஜொகூர் சுல்தானுக்கும் பங்கு உண்டு என்பது வெளிவந்த செய்தி. இந்த இடத்தில் புராணிகர் நாவை அடக்கிக்கொள்வது நாட்டுக்கும் நல்லது, நாவுக்கும் நல்லது.

திட்டத்தைக் கேளுங்கள். கடலைத் தூர்த்துத் தீவு. தீவின் மேல் வானளாவும் கோபுரங்கள். 700,000 பேர் குடியிருக்க இடம். பெருந்திட்டத்தை வரைந்தது சசாக்கி என்ற அமெரிக்க நிறுவனம். வாகனங்கள் கீழ்த்தளத்தில் ஓடும், மனிதர்கள் மேல்தளத்துத் தோட்டத்தில் உலாவுவார்கள், கட்டடச் சுவர் முழுக்கச் செடிகொடி தொங்கும். பசுமை நகரம்! கடற்புல்லின் மேல் மணலைக் கொட்டி, மணலின் மேல் கான்கிரீட்டைக் கொட்டி, கான்கிரீட்டின் மேல் செடித்தொட்டி வைக்கும் கலை அது.

ஐம்பதுக்குக் குறைந்த படலம்

அப்போது 1987ஆம் ஆண்டு மலேசியச் சட்ட ஆணை ஒன்று நடப்பில் இருந்தது. கடலோரத்தில் 50 ஹெக்டேரோ அதற்கு மேலோ தூர்த்தால், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டியிருந்தது. நீரோட்டம் என்ன ஆகும், புல் என்ன ஆகும், மீன் என்ன ஆகும், மீனவர் என்ன ஆவார் என்று முன்கூட்டியே ஆராய்ந்து எழுதவேண்டியிருந்தது. 50க்குக் கீழே என்றால் அந்தத் தொல்லை இருக்கவில்லை.

ஃபாரஸ்ட் சிட்டி முதலில் கேட்ட பரப்பு சுமார் 2,000 ஹெக்டேர். 2014இன் தொடக்கத்தில் மணல் கொட்டும் வேலை தொடங்கியது. தொடங்கிய பகுதியின் அளவு என்ன தெரியுமா? சுமார் 49 ஹெக்டேர்.

முனிவர்கள் சிரித்தார்கள். “இது மகாபலியிடம் மூன்றடி மண் கேட்ட கதை அல்லவா?”

“அதேதான், முனிவர்காள். ஒரே ஒரு வேறுபாடு. வாமனர் கேட்டுவிட்டு அளந்தார். இங்கே யாரையும் கேட்கவில்லை.”

தஞ்சோங் குப்பாங் மீனவர்களுக்கு அறிக்கையோ அறிவிப்போ முதலில் வரவில்லை. மணல்தான் வந்தது. நேற்று வரை படகு ஓடிய இடத்தில் இன்று மணல்திட்டு. கரையிலிருந்து அதற்குப் போட்ட வழி கடற்புல் வெளியை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போனது. நண்டுக்கும் நத்தைக்கும் போகும் வழி அடைபட்டது. படகைச் சுற்றி ஓட்டவேண்டியிருந்ததால் எண்ணெய்ச் செலவு ஏறியது. இந்த ஊருக்குத் திட்டத்தின் விளம்பரப் பலகை தேவைப்படவில்லை. திட்டமே நேரில் வந்து நின்றது.

இரு வேலர் படலம்

இனி இந்தப் புராணத்தின் உச்சகட்டம். தமிழர்கள் நிமிர்ந்து உட்காரலாம்.

கடலில் மணல் எழுவதை இக்கரை மீனவர்கள் பார்த்தது போலவே அக்கரைச் சிங்கப்பூரும் பார்த்தது. தன் துவாஸ் கரைக்குச் சில கிலோமீட்டரில் அண்டை வீட்டுக்காரர் அளவெடுத்துக்கொண்டிருக்கிறார், தனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிங்கப்பூருக்கு மனம் பொறுக்கவில்லை. என்ன திட்டம், எவ்வளவு பெரிது, நீரோட்டத்துக்கும் சூழலுக்கும் என்ன ஆகும் என்று விவரம் கேட்டு அதன் வெளியுறவு அமைச்சு மலேசியாவுக்கு எழுதியது. அதன் பிரதமர் லீ சியன் லூங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பிடம் பேசினார். 2003இல் மலேசியா சொன்ன வாதங்களை 2014இல் சிங்கப்பூர் சொன்னது. அன்று சிங்கப்பூர் சொன்ன சமாதானங்களை இன்று ஜொகூர் சொன்னது. நாடகம் அதேதான், வேடங்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

அப்போது சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சர் யார்? கா. சண்முகம். மலேசியாவில் சுற்றுச்சூழல் துறையைத் தன் அமைச்சின் கீழ் வைத்திருந்தவர் யார்? மஇகா என்னும் மலேசிய இந்தியர் காங்கிரஸின் ஜி. பழனிவேல். சண்முகமும் பழனிவேலும் ஒரே சாமியின் இரண்டு திருநாமங்கள் என்பதை அறியாத தமிழன் பத்துமலைக்குப் போயிருக்கமாட்டான். அக்கரையில் ஆறுமுகன், இக்கரையில் தண்டாயுதன், நடுக்கடலில் மணல்மேடு! கச்சியப்பர் இருந்திருந்தால் கந்த புராணத்துக்கு இன்னொரு காண்டம் எழுதியிருப்பார்.

2014ஆம் ஆண்டின் நடுவில் வேலையை நிறுத்தும் உத்தரவு வந்தது. மணல் கப்பல்கள் ஓய்ந்தன. ஐம்பதுக்குக் குறைந்ததால் தேவையில்லை என்று தள்ளிவிடப்பட்ட மதிப்பீடு இப்போது விரிவான மதிப்பீடாகவே வந்து உட்கார்ந்தது. மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். கருத்துக் கேட்டார்கள். மணல் கொட்டியபின் கேட்டார்கள் என்று நொட்டை சொல்லாதீர்கள். கேட்டார்களே, அதுவே பெரிது.

2015 ஜனவரியில் ஒப்புதல் வந்தது. பரப்பு சுமார் 30 விழுக்காடு குறைந்து 1,386 ஹெக்டேர் ஆயிற்று. கூடவே நீண்ட நிபந்தனைப் பட்டியல். சூரன் கடலில் மாமரமாக நின்றபோது வேல் பட்டு இரண்டாகப் பிளந்து மயிலும் சேவலும் ஆனான். இந்தத் திட்டம் நான்கு தீவுகளாக வெளியே வந்தது. மயிலாகவும் இல்லை, சேவலாகவும் இல்லை. ஆனால் கூவத் தொடங்கிவிட்டது.

மீனவர் படலம்

முனிவர்கள் மறுபடி கேட்டார்கள்: “சூதரே, இத்தனை நிகழ்ச்சியில் அந்தக் கம்பத்து ஜனங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?”

கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள், முனிவர்காள். 2008இலேயே தஞ்சோங் குப்பாங்கில் கெலாப் அலாமி என்று ஓர் இயற்கைக் குழு தொடங்கியிருந்தது. அந்த ஊரிலேயே வாழ்ந்த ஆய்வாளர் செரினா ரஹ்மான் அதன் நிறுவனர்களில் ஒருவர். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கடற்புல்லின் வகைகளை அடையாளம் காணவும், கடல் வற்றும்போது இறங்கி அளக்கவும், குறித்துவைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கடற்குதிரைகளைக் காக்கவென்று தொடங்கிய இன்னொரு குழுவும் இதே புல்வெளியில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருந்தது. ஆக, 100 பில்லியன் டாலர் திட்டத்தின் கையில் மதிப்பீடு இல்லாத நாளிலும், கம்பத்துப் பிள்ளைகளின் கையில் குறிப்பேடு இருந்தது.

ஊர் ஒரே குரலில் எதிர்த்தது என்று எழுதினால் புராணம் அழகாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. வலையை நம்பிய மூத்தவர்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். இளையவர்கள் சிலருக்கு அங்கேயே வேலை கிடைத்தது. படகு வைத்திருந்த சிலர் மீனுக்குப் பதில் ஆட்களை ஏற்றி இறக்கிச் சம்பாதித்தார்கள். மீனவர்களுக்கு இழப்பீடும் கொடுத்தார்கள். ஒரு தடவை கொடுத்தார்கள். கடல் அதுவரை நாள்தோறும் கொடுத்துக்கொண்டிருந்தது.

இருதரப்புப் புகாரையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள். மீனவர் சொன்னது: வலை காலி, புல் செத்தது, வழி அடைபட்டது. சிங்கப்பூர் சொன்னது: எங்களுக்கு விவரம் வேண்டும். மீனவர் புகார் பத்திரிகைப் பக்கத்தில் படத்தோடு வந்தது. சிங்கப்பூர் புகார் மலேசிய அரசு அமர்ந்திருக்கும் புத்ராஜெயாவின் மேசைக்குப் போனது. பத்திரிகைப் பக்கத்தில் மறுநாள் பஜ்ஜி மடிப்பார்கள். மேசைக்குப் போனதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

விற்பனைப் படலம்

2016இல் பிரதமர் நஜிப் வந்து விற்பனைக் கூடத்தைத் திறந்துவைத்தார். கூடம் என்றால் நம் கல்யாண மண்டபம் அளவு என்று நினைத்துவிடாதீர்கள். முழு நகரத்தையும் பொம்மையாகச் செய்து, விளக்கேற்றி, நடுவில் வைத்திருந்தார்கள். சீனாவிலிருந்து ஆட்களை விமானத்தில் அழைத்துவந்து, பேருந்தில் ஏற்றி, பொம்மையைச் சுற்றி நிறுத்தி விற்றார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் சீன நாட்டவர். கண்ணெதிரே சிங்கப்பூர், விலையோ சிங்கப்பூரில் பாதிகூட இல்லை. வாங்காமல் இருக்க முடியுமா?

ஆனால் எந்தத் தல புராணத்திலும் ஒரு சாபம் வந்தே தீரும். இங்கே அது பெய்ஜிங்கிலிருந்து வந்தது. சீனக் குடிமகன் ஆண்டுக்கு 50,000 டாலர் வரைதான் வெளிநாட்டுப் பணம் மாற்றலாம் என்பது பழைய விதி. அந்தப் பணத்தில் வெளிநாட்டில் வீடு வாங்கமாட்டேன் என்று எழுதிக் கொடு என 2017 தொடக்கத்தில் பிடியை இறுக்கினார்கள். மார்ச் மாதம் சீனாவிலிருந்த ஃபாரஸ்ட் சிட்டி விற்பனைக் கூடங்கள் மூடப்பட்டன.

மீனவர் கேட்டும் முழுதாக நிற்காதது, ஒரு நாடு கடிதம் எழுதியும் ஆறேழு மாதத்தில் எழுந்து ஓடியது, பணம் வரும் குழாயை யாரோ ஒரு வங்கி அதிகாரி திருகியதும் மூச்சுத் திணறியது. உயிர்நிலை எங்கே இருந்தது என்று இப்போதாவது தெரிந்ததா?

அடுத்த சாபம் உள்ளூரிலேயே தயாரானது. இந்த ஊரை வெளிநாட்டவருக்கு விற்கிறார்கள் என்று மகாதீர் மேடை மேடையாகப் பேசிவந்தார். 2017 ஜனவரியில் ஜொகூர் சுல்தான் ஒரு நேர்காணலில் அவருக்குச் சூடாகப் பதில் கொடுத்தார். 2018 மே மாதம், 92 வயதில், மகாதீர் மறுபடி பிரதமர் ஆனார். ஆகஸ்டில், இந்த நகரத்தை வெளிநாட்டவருக்கு விற்க முடியாது என்று அறிவித்தார். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் எழுப்பி, அது உலகிலேயே உயரம் என்று மகிழ்ந்த அதே மனிதர்தான்! அடுத்தவர் கட்டும் கோபுரம் எப்போதுமே கொஞ்சம் கண்ணைக் குத்தும்.

சாப விமோசனப் படலம்

பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் எல்லை மூடியது, 2022 ஏப்ரலில் திறந்தது. வாங்கியவர் வர முடியவில்லை, விற்றவர் கட்ட முடியவில்லை. 2023 அக்டோபரில் கன்ட்ரி கார்டன் தன் டாலர் கடன்பத்திரம் ஒன்றுக்கு 15.4 மில்லியன் டாலர் வட்டி கட்ட முடியாமல் நின்றது. 100 பில்லியனில் ஊர் கட்டப் புறப்பட்டவருக்கு வட்டிக்குச் சில்லறை இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் பிபிசி நேரில் போய்ப் பார்த்து எழுதியது: திட்டத்தில் 15 விழுக்காடுதான் எழுந்திருக்கிறது, அதிலும் பெரும்பாலும் விளக்கெரியவில்லை. 700,000 பேருக்காகக் கட்டப் புறப்பட்ட ஊரில் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பதற்கு அக்கம்பக்கத்தார் இருந்தார்கள். குடியிருக்கத்தான் ஆள் இல்லை.

“அப்படியானால் கதை முடிந்ததா, சூதரே?”

ஜொகூரில் எந்த மேம்பாடும் முடிவதில்லை, முனிவர்காள். பெயர் மாறும். 2023 ஆகஸ்டில் பிரதமர் அன்வார் இதைச் சிறப்பு நிதி மண்டலம் என்று அறிவித்தார். 2024 செப்டம்பரில் வரிச் சலுகைகள் வந்தன. இங்கே வேலை செய்யும் திறனாளர்களுக்கு வருமான வரி 15 விழுக்காடு. குடும்ப அலுவலகங்களுக்கு வரி சுழியம். குடும்ப அலுவலகம் என்றதும் கணவனும் மனைவியும் நடத்தும் மளிகைக் கடை என்று எண்ணவேண்டாம். பெரும் பணக்காரக் குடும்பம் ஒன்று தன் சொத்தை மேய்ப்பதற்கென்றே வைத்துக்கொள்ளும் அலுவலகம். குடியிருக்க ஆள் வரவில்லை என்றால் அலுவலகத்துக்கு ஆள் பிடிப்போம் என்பது உத்தி. செம்மணியின் பெயர் சூட்டி இந்த ஊரில் எழுப்பிய கார்னீலியன் கோபுரத்துக்கு அப்போதுதான் ஜாதகம் எழுதினார்கள். கடற்பசு மேய்ந்த இடத்தில் இனிக் காசு மேயும்.

அதே செப்டம்பரில் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பாலாஜி ஸ்ரீனிவாசன் வந்து சேர்ந்தார். கிரிப்டோ நாணயச் சந்தையான காயின்பேஸில் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர். இணையத்தில் கூடும் மக்கள் ஒருநாள் தமக்கென நாடே அமைத்துக்கொள்ளலாம் என்று புத்தகம் எழுதியவர். ஆளில்லாத தீவின் ஹோட்டலில் நெட்வொர்க் ஸ்கூல் என்று ஒன்றைத் தொடங்கி, உலகம் முழுவதிலிருந்தும் இளைஞர்களை வரவழைத்தார். ஒரு காலத்தில் நம்மவரைக் கப்பலில் ஏற்றி ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது நம்மவர் ஒருவர் அடுத்தவரை விமானத்தில் வரவழைத்துக் கணினித் தோட்டம் போடுகிறார். முன்னேற்றம் இல்லை என்று யார் சொன்னது?

2025 ஜனவரி 7ஆம் தேதி புத்ராஜெயாவில் ஜொகூர் சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் கைமாறியது. அன்வாரும் சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங்கும் சாட்சி. மண்டலத்துக்குள் அடங்கிய பகுதிகளில் ஃபாரஸ்ட் சிட்டியும் ஒன்று. என்னைக் கேட்காமல் என்ன கட்டுகிறாய் என்று கேட்டவரே பத்தாண்டில் தொழில் கூட்டாளி. சண்டைக்காரன் காலில் விழு என்று சும்மாவா சொன்னார்கள்?

கிளைக்கதை

புராணத்தில் கிளைக்கதை ஒன்றாவது வேண்டும். கோலாலம்பூரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியில் ரிம்பா கியாரா என்ற பூங்கா. அதன் ஓரத்தில் 42 முதல் 54 மாடி வரை எட்டு அடுக்ககங்களும், 29 மாடியில் மலிவு வீடுகளும் எழுப்பத் திட்டம் வந்தது. குடியிருப்பாளர்கள் 2017இல் மாநகராட்சியை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது.

அக்கம்பக்கத்தார் வென்ற கதை அது. கைதட்டலாம். ஆனால் அந்தப் பூங்காவை ஒட்டி, பழைய புக்கிட் கியாரா தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்திலிருந்து நீண்ட வீடுகளில் காத்திருந்தன. தற்காலிகம் என்று சொல்லித்தான் குடிவைத்தார்கள். அந்த மலிவு வீடுகள் அவர்களுக்காகத்தான் என்று சொல்லியே திட்டம் வந்தது. அவர்களும் அந்த ஊரின் அக்கம்பக்கத்தாரே. கோபுரம் வந்தாலும் வராவிட்டாலும் காத்திருப்பு என்னவோ அவர்கள் பங்குக்குத்தான்.

நூற்பயன்

இதைப் படித்தவருக்குப் புண்ணியம் கிட்டும் என்று முடிப்பது மரபு. நான் வேலை கொடுத்து முடிக்கிறேன். உங்கள் பக்கத்தில் மணல் லாரி வருகிறதா, வேலி எழுகிறதா, 50க்குக் கீழே ஓர் எண் காதில் விழுகிறதா? மாநகராட்சியில் போய்த் திட்டத்தைக் கேளுங்கள். மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தால் போய்ப் புரட்டுங்கள். தஞ்சோங் குப்பாங் பிள்ளைகளைப் போல உங்கள் ஊரில் என்னென்ன இருக்கிறது என்று இன்றே குறித்து வையுங்கள். எதிர்ப்பை எழுத்தில் கொடுங்கள், முத்திரை குத்திய நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மணல் கொட்டுவதற்கு முன்பே செய்யுங்கள். உங்கள் சார்பில் எந்த வெளியுறவு அமைச்சரும் கடிதம் எழுதப் போவதில்லை.